மதிலுக்குள்ளே ஒரு மவுன நகரம்!
தக்கலையின் இரைச்சலுக்கு அருகே ஒரு பழைய தலைநகர்

மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கோயிலுக்கு மாசிக் கொடை பார்க்க ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் வருகிறார்கள். பொங்கல் இடுகிறார்கள். கடலில் கால் நனைக்கிறார்கள். பிறகு பஸ் ஏறி ஊர் திரும்பி விடுகிறார்கள்.

அவர்களில் பலர் தக்கலை வழியாகத்தான் போகிறார்கள். ஆனால், தக்கலையில் இறங்கி ஒரு மைலுக்குச் சற்று அதிகமாக நடந்தால், ஒரு பழைய ராஜ்யத்தின் தலைநகரையே பார்க்கலாம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஊரின் பெயர் பத்மநாபபுரம்.

தக்கலை எப்படிப்பட்ட ஊர் என்பது குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் செல்லும் பெரிய சாலை ஊரின் நடுவே ஓடுகிறது. பஸ், லாரி, கார், ஆட்டோ எல்லாம் நெருக்கியடித்துக் கொண்டு போகின்றன. கோர்ட்டு, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லாம் அங்கேதான். ஒலிப்பான் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

அந்தச் சாலையை விட்டு விலகி உள்ளே போகிறீர்கள். சிறிது தூரத்தில் கருங்கல் மதில் ஒன்று எதிர்ப்படுகிறது. மதிலைத் தாண்டியதும் சத்தம் குறைகிறது. ஓட்டு வீடுகள், தென்னை மரங்கள், கோயில் குளம், திண்ணை. வெயில் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு நகராட்சிக்குள் இருந்தும், அது தனி ஊர் போல இருக்கிறது!

கல்குளம் பத்மநாபபுரம் ஆன கதை

இந்த ஊரின் பழைய பெயர் கல்குளம். இன்றைக்கும் தாலுகாவுக்கு அந்தப் பெயர்தான்.

வேணாட்டு ராஜாக்கள் இங்கே இருந்து ஆண்டார்கள். இங்குள்ள அரண்மனையின் மிகப் பழைய பகுதி 1601-ஆம் ஆண்டு வாக்கில், ரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் கட்டப்பட்டது என்று சொல்கிறார்கள். அப்பொழுது கோட்டை வெறும் மண் கோட்டைதான்.

1729-ஆம் ஆண்டு மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். சிறிய நாடாக இருந்த வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூர் ஆக்கியவர் அவர். அரண்மனையை விரிவாக்கிக் கட்டியவரும் அவர்தான்.

1750-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அவர் ஓர் அதிசயமான காரியம் செய்தார். தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமியின் காலடியில் எழுதி வைத்தார். "நாடு சாமிக்குச் சொந்தம், நான் சாமியின் தாசன்" என்பது அதன் பொருள். அன்று முதல் திருவிதாங்கூர் ராஜாக்கள் "பத்மநாப தாசர்" என்றே அழைக்கப்பட்டார்கள். அந்தப் பத்மநாபன் பெயரால்தான் கல்குளம், பத்மநாபபுரம் ஆயிற்று.

எதிரி கட்டிய கோட்டை!

மண் கோட்டையைக் கல் கோட்டை ஆக்கிய கதை இன்னும் சுவையானது.

மண்டைக்காட்டுக்கு அருகில் உள்ள கடற்கரைப் பட்டினம் குளச்சல். அங்கே 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டச்சுக்காரர்களுக்கும் மார்த்தாண்டவர்மா படைக்கும் சண்டை நடந்தது. மிளகு வியாபாரத்துக்காக வந்த டச்சுக் கம்பெனி, நாட்டையே பிடிக்கப் பார்த்தது. ஆனால் குளச்சலில் தோற்றது. ஐரோப்பியப் படை ஒன்று ஆசிய ராஜா ஒருவரிடம் தோற்ற சண்டைகளில் இது முக்கியமானது.

அந்தச் சண்டையில் பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய் என்ற தளபதி. ராஜா அவரைக் கொல்லவில்லை. "என் படைக்குப் பயிற்சி கொடு" என்று வேலை கொடுத்தார்!

டிலனாயும் உண்மையாக உழைத்தார். துப்பாக்கி சுடவும், பீரங்கி வார்க்கவும் கற்றுக் கொடுத்தார். பத்மநாபபுரம் கோட்டை கருங்கல்லால் எழுந்தது அவருடைய மேற்பார்வையில்தான். பக்கத்திலே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையையும் அவர் பலப்படுத்தினார். அங்கே பீரங்கிப் பட்டறை இருந்தது. ஜனங்கள் அவரை "வலிய கப்பித்தான்" என்று அழைத்தார்கள். பெரிய காப்டன் என்று அர்த்தம்.

ஏறக்குறைய 36 ஆண்டுகள் அவர் திருவிதாங்கூரிலே பணியாற்றினார். 1777-ஆம் ஆண்டு இறந்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அந்தக் கல்லில் லத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. கைதியாகப் பிடிபட்டவருக்குக் கடைசி எழுத்து தமிழிலே அமைந்தது!

பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோயிலில் அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை, இந்த டிலனாயிடம் பழகித்தான் கிறிஸ்தவ மதத்தை அறிந்தார். 1745-ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் பிள்ளை ஆனார். அதனால் துன்பங்களுக்கு ஆளானார். 1752-ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ந் தேதி, போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மரத்தால் ஒரு மாளிகை

இப்பொழுது அரண்மனைக்குள் போவோம். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும்.

ராஜாவின் அரண்மனை என்றால் பளிங்குக் கல்லும், தங்கத் தூணும் இருக்கும் என்று குழந்தைகள் நினைப்பார்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் மரம்! சரிந்த ஓட்டுக் கூரை, தாழ்ந்த வாசல், குறுகிய படிக்கட்டு. உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும்.

முதலில் வருவது பூமுகம். விருந்தினரை வரவேற்கும் இடம். மேல் கூரை மரத்தில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை. அங்கே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும், அந்தப் பக்கமே அசையாமல் நிற்கும். சீனர்கள் பரிசாக அளித்த நாற்காலி ஒன்றும் இருக்கிறது.

மாடியில் மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த இடம். ஜன்னல்களில் வண்ண வண்ண அபிரகத் தகடுகள். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே குளிர்ச்சி. கறுப்புத் தரை கண்ணாடி போல மின்னுகிறது. சிமெண்டு இல்லாத காலத்துத் தரை அது! சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக் கரு முதலியவற்றைக் கலந்து தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றியதாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது ஊட்டுப்புரை. இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் 1,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். நித்தம் சாப்பாடு, அதுவும் இலவசம்! ஊறுகாய் போட்டு வைத்த பெரிய கல் தொட்டிகளை இன்றும் காணலாம்.

தாய்க் கொட்டாரம் என்பதுதான் எல்லாவற்றிலும் பழைய வீடு. கொட்டாரம் என்றால் அரண்மனை. நடுவே முற்றம் வைத்த நாலுகட்டு. அங்கே பலாமரத் தூண் ஒன்றில் உள்ள செதுக்கு வேலையைப் பார்த்தால், தச்சனின் கையைத் தொட்டுக் கும்பிடத் தோன்றும்.

மார்த்தாண்டவர்மா கட்டிய உப்பரிகை மாளிகை நாலு அடுக்கு. கீழே கஜானா. அதற்கு மேலே பல வகை மூலிகை மரங்களால் ஆன கட்டில். மேல் அடுக்கு பத்மநாபசுவாமிக்கு உரியது. அங்கே ராஜா படுப்பது இல்லை. சுவர் முழுதும் பச்சிலைச் சாயத்தில் தீட்டிய ஓவியங்கள்.

நாட்டை எழுதிக் கொடுத்தவர், வீட்டின் மிக உயர்ந்த அறையையும் சாமிக்கே விட்டுவிட்டார்!

அரண்மனை மணிக்கூண்டின் மணி சுமார் 300 ஆண்டு பழையது என்கிறார்கள். இளைஞர்களுக்கு இன்னொரு செய்தி: 1993-ஆம் ஆண்டு வெளிவந்த "மணிச்சித்திரத்தாழு" என்ற மலையாளப் படத்தின் சில காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன. அந்தக் கதைதான் பின்னர் தமிழில் "சந்திரமுகி" ஆயிற்று.

ராஜா போனார், அமைதி வந்தது

இவ்வளவு பெரிய தலைநகர் எப்படி மவுனம் ஆயிற்று?

1795-ஆம் ஆண்டு, தர்மராஜா என்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. ராஜா போனால் மந்திரி போவார். மந்திரி போனால் கச்சேரி போகும். கச்சேரி போனால் வியாபாரி போவார். பத்மநாபபுரம் வெறிச்சோடியது.

அப்புறம் மோட்டார் வந்தது. பெரிய சாலை கோட்டைக்கு வெளியே தக்கலை வழியாகச் சென்றது. கடைகளும் ஜனங்களும் சாலையைத் தேடிப் போனார்கள். தக்கலை வளர்ந்தது. கோட்டைக்குள் இருந்த ஊர் அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்கு அது நஷ்டம். இன்றைக்கு அதுவே லாபம்! தலைநகராகவே இருந்திருந்தால், தாய்க் கொட்டாரத்தை இடித்துவிட்டு நாலு மாடிக் காரியாலயம் கட்டியிருப்பார்கள்.

ஓட்டமும் பாட்டும்

ஆனால், இந்த மவுனம் வருஷம் முழுதும் இருப்பது இல்லை.

மகா சிவராத்திரி அன்று கோட்டைக்குள் கூட்டம் நிரம்பி வழியும். அது சிவாலய ஓட்டம். காவி உடுத்திய பக்தர்கள், கையில் விசிறியோடு "கோபாலா, கோவிந்தா" என்று கூவிக் கொண்டு 12 சிவன் கோயில்களுக்கு ஓடுகிறார்கள். திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். சிவனைப் பார்க்கப் போகிறவர்கள் விஷ்ணுவின் பெயரைச் சொல்லி ஓடுவது உலகத்தில் வேறு எங்கே உண்டு? அந்த வரிசையில் ஏழாவது கோயில், இந்தக் கல்குளம் நீலகண்டசுவாமி கோயில்.

கோட்டைக்குள் ராமசுவாமி கோயிலும் இருக்கிறது. அங்கே ராமாயணக் கதையை மரப் பலகைகளில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் படிக்கக்கூடிய ராமாயணம் அது!

நவராத்திரிக்கு முன்னால் இன்னொரு கோலாகலம். அரண்மனை வளாகத்தில் உள்ள தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் யானை மீது ஏறி, திருவனந்தபுரத்துக்குப் பவனி செல்கிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் கூடச் செல்கிறார்கள். இந்தச் சரஸ்வதி, கவிச்சக்கரவர்த்தி கம்பர் பூஜித்த அம்மன் என்று ஐதீகம்.

முன்பெல்லாம் நவராத்திரி பூஜை பத்மநாபபுரத்திலேயே நடந்தது. தலைநகர் மாறிய பிறகு, சாமியை ஆண்டுதோறும் அங்கே அழைத்துச் செல்லும் வழக்கம் வந்தது. ராஜாவின் உடைவாளை உப்பரிகை மாளிகையில் வைத்து ஒப்படைக்கிறார்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில அதிகாரிகளும் அங்கே நிற்கிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்துகிறது. ஒன்பது நாள் கொலு முடிந்ததும் சாமிகள் ஊர் திரும்புகிறார்கள்.

மதிலுக்கு வெளியே தக்கலையிலும் ஓர் இரவு இருக்கிறது. அங்கே பீர்முகம்மது அப்பா தர்கா உண்டு. தென்காசியில் பிறந்து, தக்கலையில் தறி நெய்து வாழ்ந்த தமிழ் ஞானி அவர். ஆண்டு விழாவின்போது, அவர் இயற்றிய "ஞானப் புகழ்ச்சி"யை இரவெல்லாம் கூடி உட்கார்ந்து பாடுகிறார்கள்.

கோயில், தர்கா, டிலனாய் கல்லறை - மூன்றும் சில மைல் சுற்றளவுக்குள்! 1982-ஆம் ஆண்டு மண்டைக்காட்டில் மதக் கலவரம் நடந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியானதைக் குமரி மாவட்டம் மறக்கவில்லை. அந்தக் காயத்தை அறிந்தவர்கள், இந்தச் சில மைல் தூரத்தைப் பிள்ளைகளுக்கு நடத்திக் காட்ட வேண்டும். மூன்று பக்கத்து மனிதர்களும் இந்த மண்ணிலே எத்தனை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பதைப் பாடப் புத்தகத்தை விட அது நன்றாகச் சொல்லும்.

இரண்டு வீட்டுப் பிள்ளை

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஊர் தமிழகத்துக்கு வந்தது. ஆனால் அரண்மனை கேரள சர்க்காரின் வசமே இருக்கிறது. அந்த மாநிலத் தொல்பொருள் இலாகாதான் அதைப் பராமரிக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் கேரளத்து மாளிகை!

இதைப் பற்றி எப்போதாவது வாக்குவாதம் எழும். ஆனால், அரண்மனையை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் போய்ப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஓடு மாற்றுகிறார்கள்; மரத்துக்கு எண்ணெய் பூசுகிறார்கள். 2014-ஆம் ஆண்டு, உலகப் பாரம்பரியச் சின்னம் ஆவதற்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலிலும் இந்த அரண்மனை சேர்க்கப்பட்டது.

அரண்மனை சுமார் ஆறரை ஏக்கர்தான். அதைச் சுற்றியுள்ள கோட்டையோ, சுமார் 186 ஏக்கர். மதிலின் நீளம் ஏறக்குறைய 4 கிலோ மீட்டர். அந்த மதிலின் நிலை என்ன?

மதிலின் கல் இடுக்குகளில் ஆலும் அரசும் முளைத்து வேர் விட்டிருக்கின்றன. வேர் பருத்தால் கல் விலகும். கல் விலகினால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே இருக்கும் மண் ஊறிக் கனத்து, கல்லை வெளியே தள்ளும். பெருமழைக் காலங்களில் மதில் சில இடங்களில் சரிந்து விழுந்திருக்கிறது. மதிலை ஒட்டி வீடுகள் இருக்கின்றன. அவற்றில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

ஆகவே, இது பழம்பெருமை பற்றிய பேச்சு மட்டும் அல்ல. உயிர் பற்றிய பேச்சும்கூட.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. முளைக்கும் செடியை, அது செடியாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். மரமான பிறகு இழுத்தால் மதிலும் கூட வரும். மழைத்தண்ணீர் வடிய வழி விட வேண்டும். சரிந்த இடத்தில் சிமெண்டைக் கொட்டாமல், பழைய கல்லையே எடுத்துச் சுண்ணாம்புக் காரையில் அடுக்க வேண்டும். சுண்ணாம்பு கல்லோடு சேர்ந்து மூச்சு விடும். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

கடல் கடந்து ஒரு பாடம்

இலங்கையில் காலி என்ற நகரம் இருக்கிறது. அங்கேயும் பரபரப்பான ஊருக்கு நடுவே பழைய கோட்டை. கோட்டைக்குள்ளே வீடு, பள்ளிவாசல், கோயில், மாதா கோவில். டச்சுக்காரர்கள் பலப்படுத்திய கோட்டை அது. 1988-ஆம் ஆண்டு அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று.

மதில் பிழைத்தது. உல்லாசப் பிரயாணிகள் குவிந்தார்கள். ஆனால் வேறொன்றும் நடந்தது. வீட்டு விலை ஏறியது. பல வீடுகள் கைமாறி ஓட்டல்களும் கடைகளும் ஆயின. அங்கே பிறந்து வளர்ந்த பல குடும்பங்கள் வெளியே போயின.

பத்மநாபபுரம் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மதிலையும் காக்க வேண்டும். மதிலுக்குள் வாழும் மனிதர்களையும் காக்க வேண்டும். விளக்கு ஏற்ற ஆள் இல்லாத வீடு, எவ்வளவு பழையதாக இருந்தாலும், அது வீடு அல்ல, காட்சிப் பொருள்.

நீங்களும் போகலாம்

நாகர்கோவிலில் இருந்தும் திருவனந்தபுரத்தில் இருந்தும் தக்கலைக்கு அடிக்கடி பஸ் உண்டு. ரெயிலில் வருகிறவர்கள் இரணியலில் இறங்கலாம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மத்தியானம் சிறிது நேரம் மூடுவார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது.

அரண்மனையைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். நீலகண்டசுவாமி கோயில் வரை நடங்கள். மதிலை ஒட்டிச் சிறிது தூரம் போங்கள். பிள்ளைகளிடம் குளச்சல் சண்டையின் கதையைச் சொல்லுங்கள். சாப்பிட்ட இலையையும், தண்ணீர்ப் பாட்டிலையும் மதில் ஓரத்தில் போடாமல் வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

பகைவர் படையைத் தடுப்பதற்காகக் கட்டிய மதில் அது. இன்றைக்கு அதற்குப் பகைவர் யாரும் இல்லை. ஓர் ஆலங்கன்றும், நம்முடைய அலட்சியமும்தான் பாக்கி. இரண்டில் ஆலங்கன்றைப் பிடுங்குவது சுலபம். மற்றதைப் பிடுங்குவது நம் கையில்தான் இருக்கிறது!